பாக்கி நோட்டும் பல நாட்டுக் கணக்கும்

தலைமை வகிக்கும் ஊர்க் கவுடர் அவர்களே, கூட்டுறவு வங்கி மேலாளர் அவர்களே, அறையைத் திறந்து நாற்காலியும் போட்டுக் கொடுத்த நூலகர் அம்மா அவர்களே, போன கூட்டத்தில் பெயரை விட்டுவிட்டேன் என்று வருத்தப்பட்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே (இந்தத் தடவை முதல் வரியிலேயே எழுதி வைத்தேன், மேலாளர் முந்திக்கொண்டார்), தேயிலை பறிப்பதை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

உலக நாடுகள் கடை வியாபாரத்தை எப்படிக் கணக்கெடுக்கின்றன என்பது தலைப்பு. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன்: கணக்கு எடுக்கும் முறை, அதில் நாம் ஏமாறும் இடம், இணைய வியாபாரம். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். அதை அப்படியே பிடித்துக்கொண்டவர்கள் அமெரிக்காக்காரர்கள். அங்கே பொருளாதாரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு மக்கள் செலவுதான். போன மாதம் கடைகளில் எவ்வளவு விற்றது என்று ஒவ்வொரு மாத நடுவிலும் சென்சஸ் துறை சொல்லிவிடும். ஆனால் அது பணக் கணக்கு. போன வருஷம் 200 ரூபாய்க்கு நாலு கிலோ தக்காளி, இந்த வருஷம் ரெண்டு கிலோ என்றால் கல்லாவில் அதே 200தான், குழம்புச் சட்டியில்தான் பாதி. பிரிட்டனில் பணத்தையும் அளவையும் தனித்தனியே சொல்கிறார்கள். சீனாவில் புத்தாண்டு ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் மாறி மாறி வருவதால் இரண்டு மாதத்தையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். நம் நீலகிரிப் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை மாத வியாபாரத்தை மறு மாதத்தோடு ஒப்பிட்டால் சரியாக வருமா?

நம் நாட்டில் மாதாமாதம் அப்படியொரு அரசுக் கணக்கு கிடையாது. ஜிஎஸ்டி வசூல், வண்டி விற்பனை என்று பார்த்து ஊகிக்கிறோம். வீட்டுச் செலவு சர்வே 2011-12க்குப் பிறகு 2022-23க்குத்தான் வெளிவந்தது. நடுவில் 2017-18ல் எடுத்ததை வெளியிடவே இல்லை. அளந்ததும் ஆற்றோடு போயிற்று.

எனக்கு இதையெல்லாம் புரியவைத்தது கோத்தகிரி மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. தொண்ணூறுகளின் கடைசி. 1991ல் சோவியத் யூனியன் உடைந்து, நம் தேயிலையின் பெரிய வாடிக்கை கைநழுவி, பச்சை இலை விலை சரிந்து கிடந்த காலம். “வியாபாரம் எப்படி அண்ணாச்சி?” என்று கல்லூரி ப்ராஜெக்டுக்காகப் போய் நின்றேன். “கல்லாவைப் பார்க்காதே தம்பி, இதைப் பார்” என்று பாக்கி நோட்டை எடுத்துப் போட்டார். நீள நோட்டு, அட்டை முழுக்க எண்ணெய்க் கறை. முதலில் பிஸ்கட் நிற்கும். அப்புறம் துணி சோப்பு முழு பார் போய் அரை பார் ஆகும். அரிசி மட்டும் குறையாது, பாக்கியில் ஏறும். இலைப் பணம் வந்த சாயங்காலம் முதலில் விற்பது எது தெரியுமா? டார்ச் செல்! அதுவரை ஊரே இருட்டில், கரடிக்குப் பயந்து பயந்து வீடு சேர்ந்திருக்கிறது. (சிரிப்பு.) பக்கத்தைத் திருப்பினால் ஒரே ஆள் கணக்கு மூன்று பக்கம் ஓடுகிறது. “யார் அண்ணாச்சி இது, இவ்வளவு மோசமா?” என்றேன். “உங்க அப்பாதான் தம்பி.” (பலத்த சிரிப்பு.) ப்ராஜெக்டில் அந்தப் பக்கத்தைச் சேர்க்கவில்லை.

இணைய வியாபாரம்... நூலகர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார், அது இன்னொரு நாள். அமெரிக்கக் கடைக் கணக்கு என் செல்போனில் இருக்கிறது. இன்று காலை நான் போட்ட இலைக்கு என்ன விலை என்பது அடுத்த மாதம்தான் தெரியும். குன்னூர் ஏலத்தில் தூள் விலை வாரா வாரம் தெரிகிறதே, இலைக்கு மட்டும் ஏன் இப்படி? இலையில் ஈரம் என்று சொல்லி எடையில் கழிக்கிறார்களே, அந்த ஈரத்தை அளந்தது யார்? ஆற்றில் போடுவதையே அளக்கச் சொன்னவர்கள், தராசில் போட்டதை விடலாமா? ஒவ்வொரு கொள்முதல் இடத்திலும் அன்றைய விலையும் கழித்த எடையும் பலகையில் எழுதிப் போட வேண்டும். சாக்பீஸ் செலவு என்னுடையது.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனா ஒன்றுதான். டீ குடித்துவிட்டு வரிசையாக வாங்க, தலைமையாசிரியர் ஐயா முதலில்.