திரும்பி வந்தவர்களை என்ன சொல்வீர்கள்?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். யாங்கூன் நகர் நடுவில் நம் தமிழ்க் குடும்பங்கள் குறைந்ததற்குக் காரணம் நெருக்கடியா, ஆசையா என்பது தலைப்பு. ஆசைதான் என்று எதிரணித் தங்கை நன்றாகவே பேசினார். கைதட்டலும் வாங்கினார். நான் நெருக்கடி என்கிறேன்.

1931 கணக்கெடுப்பில், அன்று ரங்கூன் என்ற இந்த யாங்கூனில் சுமார் 4 லட்சம் பேர். பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். அப்படிப் பிழைத்துப் போனவர்களில் பலர், போர் முடிந்ததும் இதே ஊருக்குத் திரும்பி வந்தார்கள். ஊர் வேண்டாம் என்று போனவர் ஏன் ஐயா திரும்பி வருகிறார்?

அடுத்தது 1964. மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே 17-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கடையும் போய், கையிலிருந்த காசும் போனால் மனிதன் என்ன செய்வான்? சென்னைக்குக் கப்பலேறினான். நகையை எடுத்துப் போகவும் கட்டுப்பாடு. சென்னையில் பர்மா பஜார் என்று ஒன்று இருக்கிறதே, அது அப்படிப் போனவர்கள் போட்ட கடைகள்தான். அங்கேயும் நம்மூர் நூடுல்ஸான அத்தோதான் விற்கிறார்கள், பாருங்கள்!

எல்லாரும் அங்கே அடங்கிவிடவும் இல்லை. சிலர் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி, மணிப்பூர் வரை போய், நிலவழியாகப் பர்மாவுக்கே திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் தடுத்தார்கள். முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் போக மனமில்லாமல், மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கோயில் கட்டி உட்கார்ந்தவர்களுக்கு என்ன ஆசை இருந்திருக்கும் என்று தங்கைதான் சொல்ல வேண்டும்.

‘இப்போதைய பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா என்று போகிறார்களே?’ போகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1982 குடியுரிமைச் சட்டத்தை விட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போடாதீர்கள். 1823-க்கு முன்பே இங்கே குடியிருந்த இனம் என்று பட்டியலில் இருப்பவர்களுக்குக் கேள்வியே இல்லை. நம்மைப் போன்றவர்கள் பாட்டன் பிறந்த காகிதத்தைத் தேடி அலுவலகப் படி ஏற வேண்டும். அந்த அலைச்சலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கிளம்பினால், அதற்கும் ஆசை என்றுதான் பெயர் வைப்பீர்களா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, உட்காருகிறேன். மோரேக்கு மட்டும் பதில் வாங்கிக் கொடுங்கள்.