அரண்மனை இன்று மூடியிருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டுப் பயணத்தில் செய்யக்கூடாத தவறுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வங்கிக் கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து, 'எழுதாத செக்கில் கையெழுத்துப் போடாதீங்கம்மா' என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் நான். பாங்காக்கில் இறங்கிய மறுநாளே ஏமாந்தேன்.

காலை ஒன்பதே கால் மணி. நானும் மனைவியும் கிராண்ட் பேலஸ் அரண்மனையின் வெள்ளை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ ஓர் அட்டையோடு ஒருவர் எதிரே வந்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். இந்தியா என்றதும் முகமெல்லாம் மலர்ச்சி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இன்று புத்தர் திருநாள். அரண்மனை மூடியிருக்கிறது, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்றார். அதுவரை வெயிலில் நிற்பானேன், நாலு கோயில் பார்த்துவிட்டு வாருங்கள், 20 பாத் (தாய்லாந்துப் பணம்) போதும் என்று ஒரு டுக்-டுக்கைக் கைகாட்டி நிறுத்தினார். நம்ம ஊர் ஆட்டோவுக்கு அண்ணன் முறை அந்த வண்டி. 20 பாத்துக்கு அது தெருமுனை வரைகூடப் போகாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

முதலில் நிஜமாகவே ஒரு கோயில். அடுத்து நின்றது நகைக்கல் கடை வாசலில். ஏசி, ஜில்லென்று தண்ணீர், ஏக உபசாரம். நீலக்கல்லைத் தட்டில் பரப்பி, "ஊருக்குக் கொண்டுபோய் விற்றால் இரட்டிப்பு விலை. வரிச்சலுகை இன்றோடு முடிகிறது" என்றார்கள். நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மனைவிதான் என் காதருகே, "இரட்டிப்பு கிடைக்கும்னா அவனே போய் விக்கலாமே, நமக்கு எதுக்குங்க குடுக்கறான்?" என்றாள். பணம் தப்பியது. காலைப்பொழுது போனது போனதுதான். வெளியே வந்தால் வண்டிக்காரரைக் காணோம். கடைக்கு ஆள் கொண்டுவந்தால் அவருக்குக் கமிஷன். நாங்கள் வாங்காததில் அவருக்கும் வருத்தம் இருந்திருக்கும்.

அரண்மனை அன்றைக்கு மூடவே இல்லை. காலை எட்டரையிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை டிக்கெட் கொடுக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாத். அரச குடும்பச் சடங்கு இருந்தால் சில நாள் மாறும், ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் கவுன்டர்தான். இதில் கொடுமை என்னவென்றால், இது பழைய ஏமாற்று. கிளம்புவதற்கு முன்னால் நானே படித்திருந்தேன். படித்தது எதிரே சிரித்துக்கொண்டு வந்து நிற்கும்போது அடையாளம் தெரியவில்லை. நாமாகப் போய் வழி கேட்டால் அந்த ஊர் ஜனங்கள் தங்கமானவர்கள், கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போவார்கள். யாராவது தாமாக வந்து சொன்னால்தான் யோசிக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனிப் போலீஸ் இருக்கிறது, எண் 1155. ஆங்கிலத்தில் பேசலாம்.

பயணம் கிளம்பும் முன்பே மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. 2025 மே 1 முதல் தாய்லாந்து போகிறவர்கள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.

கார்டு விஷயத்தில் மட்டும் நான் ஏமாறவில்லை, தொழில் அப்படி. கடையில் கார்டைச் செருகினால் சில இயந்திரங்கள் 'ரூபாயா, பாத்தா' என்று கேட்கும். ரூபாய் என்றால் நமக்குப் புரிகிறதே என்று விரல் அங்கேதான் போகும். போகக்கூடாது. ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான் சட்டம். பாத்தைத் தொடுங்கள், பெரும்பாலும் அதுதான் லாபம். ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாத்துக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். ஆயிரம் ஆயிரமாக எடுத்தால் அழ வேண்டியதுதான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் அங்கே போதாது. கீரை வதக்கலிலும் மீன் சாறு ஒரு கரண்டி விழும், நமக்குப் பெருங்காயம் மாதிரி. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடையைத் தேடுங்கள். எழுத்து பார்வைக்கு 17 போல இருக்கும். 'ஜே' என்று படிக்க வேண்டும். அங்கே மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூட இல்லை.

நம்மவர்கள் அன்பினாலேயே செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. ஆற்றுப் படகில் பக்கத்தில் ஒரு குழந்தை, கொழுக்மொழுக் என்று. மனைவி வழக்கம்போலத் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தாய் சிரித்த முகம் மாறாமல் குழந்தையை மெல்ல மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். தாய்லாந்து மக்களுக்குத் தலை புனிதமானது, அடுத்தவர் தொடக்கூடாது. கால் தாழ்ந்தது, புத்தர் பக்கம் நீட்டக்கூடாது. பெரியவர்கள் தலையில் கைவைத்து வாழ்த்தும் ஊரிலிருந்து போனவளுக்கு அதை விளக்கவே எனக்கு அரைமணி ஆயிற்று.

மறுநாள் எட்டரைக்கே அரண்மனைக்குப் போனோம். இந்தத் தடவை முழு பேன்ட். அரைக்கால் சட்டைக்கு உள்ளே அனுமதி இல்லை. வாசலுக்கு எதிரே யானைப் படம் போட்ட பேன்ட் ஏன் அத்தனை கடைகளில் தொங்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. மதில் திரும்பும் இடத்தில் அதே சட்டை, அதே அட்டை. எதிரே ஒரு தம்பதி. "ஏனுங்க, மூடிட்டாங்களாம்" என்று அந்த அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. கொங்குத் தமிழ்!

என் மனைவி நடையைக்கூடக் குறைக்கவில்லை. "திறந்துதான் இருக்கு, வாங்க எங்ககூட" என்று உரக்கச் சொல்லிவிட்டு நடந்தாள். அவர்கள் இருவரும் எங்கள் பின்னால் வந்துவிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர் கொஞ்சம்கூடக் கோபப்படாமல் எங்களைப் பார்த்துக் கைகூப்பி ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அடுத்து வந்தவரிடம் எந்த ஊர் என்று விசாரிக்கப் போனார்.