வீட்டில் சொல்லிவிட்டு வந்தீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் மார்வெல், டிசி என்று இரண்டு பெரிய காமிக்ஸ் கம்பெனிகள் உண்டு. ஸ்பைடர்மேன் மார்வெல் வீட்டுப் பிள்ளை, பேட்மேனோடு சுற்றும் ராபின் டிசி வீட்டுப் பிள்ளை. இந்த இரண்டு வீட்டு இளவட்டங்களும் சந்தித்துக்கொண்டால் கதை எப்படிப் போகும் என்பதுதான் இன்றைய பேச்சு. வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ரேடியோ பக்கம் கொஞ்சம் கூப்பிடுங்கள்.

எங்கள் காலத்தில் இந்தப் போட்டியெல்லாம் எங்களுக்குத் தெரியாது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது, 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவி இங்கிலாந்துக் கதை, வேதாளர் அமெரிக்கக் கதை. காரைக்குடியில் புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்த எங்களுக்கு இரண்டு பேரும் பக்கத்துத் தெருக்காரர்கள் மாதிரிதான். இருவரையும் ஒரே கதையில் இறக்கிவிட்டு, கடத்தல்காரனைத் துரத்த வைப்போம். யாரிடம் அனுமதி கேட்பது?

அங்கே கேட்டுத்தான் ஆக வேண்டும். நகரத்தார் கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதுவதுபோல, இரண்டு கம்பெனிகளும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கதையே தொடங்கும். 1976-இல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் ஒரே புத்தகத்தில் வந்தபோது ராஸ் ஆண்ட்ரூ வரைந்தார். ஆனால் சூப்பர்மேன் உருவத்தை நீல் ஆடம்ஸும், ஸ்பைடர்மேனாக மாறும் பையன் பீட்டர் பார்க்கரின் முகத்தை ஜான் ரோமிட்டாவும் பல இடங்களில் திருத்தினார்கள். எங்கள் பிள்ளை முகம் மாறிவிடக் கூடாது என்ற கவலைதான். இரண்டு பெரிய குழுக்களான அவெஞ்சர்ஸும் ஜஸ்டிஸ் லீகும் சந்திக்கும் கதை 1983 வாக்கிலேயே பேசப்பட்டு, பேச்சு முறிந்து, கடைசியில் 2003-இல்தான் வெளியானது. இருபது வருஷம் இழுத்த சம்பந்தம்!

1996-இல் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஒரு பெரிய மோதல் கதை போட்டன. யார் ஜெயிப்பது என்பதை ஐந்து சண்டைகளில் வாசகர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அதில் ஸ்பைடர்மேன் சூப்பர்பாயை ஜெயித்தான். எனக்குப் பிடித்தது ஓட்டுக்கு விடாத ஒரு சண்டை. டிசியின் ராபினும் மார்வெலின் எக்ஸ்மென் கூட்டத்துச் சின்னப்பெண் ஜூபிலியும் மோத வேண்டும். இரண்டும் மோதுவதற்கு முன்னாலேயே ஒன்றுக்கொன்று பிடித்துப்போய் நின்றன. ராபின்தான் ஜெயித்தான், ஆனால் அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

பெரியவர்கள் சந்தித்தால் யாருக்குப் பலம் அதிகம் என்று பார்ப்பதோடு கதை முடிந்துவிடும். பிள்ளைகள் சந்தித்தால் வேறு கேள்வி வரும்: உன் வீட்டுக்குத் தெரியுமா? 1962-இல் ஸ்பைடர்மேன் வந்த நாளிலிருந்தே, தன்னை வளர்க்கும் மே அத்தைக்குத் தெரியக் கூடாதே என்ற பயம் வில்லன் பயத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

அதனால் நான் ஜோடி சேர்ப்பதாக இருந்தால் மார்வெலிலிருந்து கமலா கானையும் டிசியிலிருந்து ஹைமே ரேயஸையும் எடுப்பேன். கமலா ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண், மிஸ் மார்வெல் என்ற பெயரில் 2014-இல் தனித் தொடர் கிடைத்தது. கையைக் காலை நீட்டுவாள், ஆளே பெரிதாவாள். ஹைமே டெக்சஸில் எல் பாசோ ஊர்ப் பையன், 2006-இல் ப்ளூ பீட்டில் ஆனான். அப்பா மெக்கானிக் ஷாப் நடத்துகிறார், அம்மா நர்ஸ். வேற்றுக்கிரகத்து நீல வண்டு ஒன்று அவன் முதுகெலும்போடு ஒட்டிக்கொண்டு, எதற்கெடுத்தாலும் ஆயுதத்தை எடு என்று ஓதிக்கொண்டே இருக்கும். விஷயம் என்னவென்றால், ஹைமே தன் குடும்பத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டவன். கமலா மறைக்கிறவள்.

இவர்களை நான் நம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் இறக்குகிறேன். எப்படி வந்தார்கள் என்று கேட்காதீர்கள், காமிக்ஸில் அதற்கு வானத்தில் ஒரு ஓட்டை போதும். வில்லன் வீடுகளைத் தின்கிறவன். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் ராத்திரி புகுந்து பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் உருவிக்கொண்டு போய்விடுவான். இந்த வில்லனை நான் அதிகம் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

சண்டைக்கு நம் வீடு மாதிரி இடம் கிடைக்காது. முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். நடுவில் கட்டுக்குமேல் கட்டு. வளவில், அதாவது நடு முற்றத்தில், கூரை திறந்திருப்பதால் ஹைமே அப்படியே மேலே பறக்கலாம். கமலா எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் தலை இடிக்காது. நியூயார்க் பக்கத்து அபார்ட்மெண்ட்டில் அந்தச் சௌகரியம் ஏது? வண்டு மட்டும் பீரங்கியை எடு என்று நச்சரிக்கும். ஹைமே கீழே ஆத்தங்குடிக் கல்லைப் பார்ப்பான். கண்ணாடிமேல் கையால் சாயம் ஊற்றிச் செய்த கல். வேண்டாம், வாயை மூடு என்பான். எனக்கு இந்த இடம்தான் சண்டையிலேயே பிடித்த இடம்: சுடத் தெரிந்தவன் தரையைப் பார்த்துச் சுடாமல் நிற்பது.

சத்தம் கேட்டு ஒரு அப்பத்தா எழுந்து வருவார். பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அத்தனை பெரிய வீட்டில் அவர் மட்டும். வில்லன் பட்டாலைத் தூணில் கட்டுண்டு கிடப்பான், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேரே பிள்ளைகளிடம் வருவார்.

"வீட்ல சொல்லிட்டுத்தானே வந்தீக?"

தமிழை வண்டு மொழிபெயர்த்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஹைமே உடனே ஆமாம் என்பான். கமலா தூணைப் பார்ப்பாள்.

மார்வெல் கதையில் 2015-இல் ஒரு கட்டம் வருகிறது. உலகமே அழியப் போகிற நேரத்தில் கமலா அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போக, எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிடுவார் அம்மா. "உங்க ஆத்தாவுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்" என்று அப்பத்தாவைச் சொல்ல வைக்க எனக்கு ஆசைதான். மார்வெல் கையெழுத்துப் போடாது. அந்த ரகசியம் அவர்கள் வீட்டுச் சொத்து, அதை உடைக்கும் உரிமையை அடுத்த வீட்டாருக்குத் தர மாட்டார்கள். சரி, வேறு வழி இருக்கிறது. அப்பத்தா ஒன்றும் சொல்ல வேண்டாம், நம்பரை வாங்கி அவரே ஜெர்சி சிட்டிக்குப் போன் போடட்டும். இங்கே நடுராத்திரி என்றால் அங்கே மத்தியானம். கமலா பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரம்.

மணி அடிக்கிறது, அம்மா எடுக்கிறார். அடுத்த பக்கத்தை ரேடியோ பக்கம் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் எழுதட்டும். நன்றி, வணக்கம்.