புத்தை இடிக்கிறதுதான் என் வேலை

வணக்கம் மக்களே. காத்துச் சத்தம் ரொம்பக் கேட்டா பொறுத்துக்கோங்க. மைக்குக்கு மாட்டுற பஞ்சை ரூம்லயே வச்சிட்டு வந்துட்டேன், இப்ப ஒரு சாக்ஸைத்தான் மாட்டியிருக்கேன். துவைச்சதுதான்.

இது தென்னாப்பிரிக்காவோட வடமேற்கு மூலை, நமக்குவாலாந்து. கேப்டவுன்லருந்து என்7 ரோட்டைப் பிடிச்சு 550 கிலோமீட்டர் போல வடக்க வந்தா ஸ்பிரிங்பாக்னு ஒரு ஊரு. அதைத் தாண்டி பஃபல்ஸ் ஆத்துப் பக்கம் வந்திருக்கோம். ஆறுன்னதும் காவிரியை நினைச்சுக்காதீங்க, கோடையில நம்ம வைப்பாறு எப்படிக் கிடக்கும், அப்படித்தான். வெறும் மணல்.

கேமராவைத் திருப்புறேன். அந்தா, அந்த இடத்துல தரை லேசா மேடு தட்டி வட்டமா இருக்கா? மேட்டுல ஒரு வகைச் செடி, சுத்தி இருக்கிற தரையில வேற வகைச் செடி. குறுக்க 30, 40 மீட்டர் வரைக்கும் வரும், ரெண்டு மூணு களத்தைச் சேர்த்து வச்ச மாதிரி. ஆப்பிரிகான்ஸ்ல இதுக்கு ‘ஹியுவல்கி’ன்னு பேரு, குட்டிக் குன்றுன்னு அர்த்தம். கட்டினது யாரு? கரையான். சாட்டிலைட் படத்துல பார்த்தா இந்தப் பக்கமே அம்மை வந்து ஆறின முகம் மாதிரி புள்ளி புள்ளியாத் தெரியும்.

ஆக, ஒரு பெரிய புத்து மேல நின்னுக்கிட்டுத்தான் பேசிட்டிருக்கேன். எங்க ஊரு கோவில்பட்டிக்குக் கிழக்க. புத்துல கை வச்சா எங்கம்மா தோலை உரிச்சிரும். இங்க புத்துக்குள்ள குழி வெட்டத்தான் எனக்குச் சம்பளமே!

சரி, குழிக்குள்ள இறங்குறேன். இது நாங்க வெட்டுனது, ஒரு ஆள் ஆழம். மேல இருக்கிறது பொலபொலன்னு செம்மண். கீழ வர வர வெளுத்துக்கிட்டே வந்து, இந்த மட்டத்துல பாறை மாதிரி இறுகிக் கிடக்கு. கரிசக்காட்டுக்காரங்களுக்குப் பார்த்ததுமே தெரியும், சுக்கான்! கிணறு வெட்டும்போது கடப்பாரையை மழுங்கடிக்குமே, அதேதான்.

இப்ப இந்தச் சின்னப் பாட்டில்ல இருக்கிறது தண்ணி கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஒரு சொட்டு விடுறேன். சத்தம் கேக்குதா? சோடா பாட்டில் திறந்த மாதிரி புசுபுசுன்னு நுரைக்குது. மண்ணுல சுண்ணாம்பு இருந்தா ஆசிட் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும், அதான் நுரை. இதே சொட்டை மேட்டுக்கு வெளிய நாங்க வெட்டுன குழியில விட்டோம், ஒரு அசைவு இல்ல. பத்துப் பதினஞ்சு அடி எடுத்து வச்சா மண்ணே வேற.

அந்தச் சுண்ணாம்பு எப்படி வந்துச்சு? கரையான் சுத்தியிருக்கிற சுள்ளி, குச்சியெல்லாம் கத்தரிச்சு உள்ள இழுக்குது. அது மக்கும்போது செடியில இருந்த கால்சியம் மண்ணுல சேருது. நல்ல மழை பெஞ்ச காலத்துல அது கரைஞ்சு கீழ இறங்கி சுண்ணாம்பா உறைஞ்சிருச்சு. அதுக்குள்ள கார்பனும் மாட்டிக்கிச்சு. காத்துல கலந்திருந்த கார்பன், செடி வழியா, கரையான் வாய் வழியா, மண்ணுக்குள்ள சிறை.

எத்தனை வருஷமாங்கிறதுதான் எனக்கு இன்னும் மலைப்பு. ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழக ஆட்கள் இந்தப் பஃபல்ஸ் ஆத்துப் பக்கப் புத்துகளை கார்பன் டேட்டிங் பண்ணி 2024ல கட்டுரை போட்டாங்க. மக்குன பொருள் 13,000லருந்து 19,000 வருஷம், சுண்ணாம்பு 34,000 வருஷம் வரைக்கும் பழசு. இன்னமும் கரையான் குடியிருக்கு! கீழடிக்கு 2,600 வருஷம்னு நாம காலரைத் தூக்கி விட்டுக்கிறோம். இத்தனைக்கும் அவங்க புத்து வயசைத் தேடிப் போகல. இந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணி ஏன் உப்பா இருக்குன்னு பார்க்கப் போய்த்தான் இதுல வந்து நின்னாங்க.

லொகேஷன் மட்டும் கேக்காதீங்க, ப்ளீஸ். இந்தச் சரளைக்கு நடுவுல சட்டைப் பட்டன் சைஸ்ல கோனோஃபைட்டம்னு சதைப்பத்துச் செடி இருக்கு, கல்லு மாதிரியே கிடக்கும். திருடிட்டுப் போய் வெளிநாட்டுல விக்கிறாங்க. செடி இருக்கிற இடத்தை நான் இன்னைக்குக் காட்டாததுக்கு அதான் காரணம்.

கேப்டவுன்ல ரைலண்ட்ஸ் பக்கம் டர்பன்காரக் குடும்பம் ஒண்ணு எனக்குப் பழக்கம். அந்த வீட்டு அக்காவோட முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறி வந்தவங்க. அக்காவுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும், ஆனா மாரியம்மன் தாலாட்டு ஒரு வரி பிசகாது. நான் புத்து வெட்டுறேன்னதும் பதறிட்டாங்க. “தம்பி, புத்துல பாம்பு இருக்கும். முட்டை வச்சியா?” நேத்து போன் பண்ணி, “ஒரு பிடி புத்துமண்ணு கொண்டாந்துரு, சாமி ரூம்ல வைக்கணும்”னாங்க.

எடுக்கிற ஒவ்வொரு பிடிக்கும் பை போட்டு நம்பர் போட்டு லேபுக்குப் போகணும், அதுல கை வைக்க முடியாதுக்கான்னேன். ஷூவுல அப்பியிருக்கிறது வேணா இருக்குன்னேன், விளையாட்டுக்குத்தான்.

“செருப்பு மண்ணா? போடா!”ன்னு போனை வச்சுட்டாங்க. இன்னும் என் போனை எடுக்கல. நாளைக்குத் திரும்பிப் போகும்போது நேரா அவங்க வீட்டு வாசல்லதான் போய் நிக்கணும்.