ஐபோனில் ஒட்டிக்கொண்ட கொலுசுகள்

வணக்கம் மக்களே, ஏற்காடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறேன், காற்று இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே சேலத்தில் நேற்று முழுக்க வெப்சைட்டின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கோடில் ஒரே ஒரு வரியோடு மல்லுக்கட்டிவிட்டு, போதும்டா சாமி என்று மலையேறி வந்தவன் நான்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக்கொலுசுக் கடைக்கு வெப்சைட் செய்தேன். என் லேப்டாப்பில் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் பளிச்சென்று இருந்தது. கடைக்கார அண்ணன் தன் பழைய ஐபோன் 6-ஐ நீட்டி, "தம்பி, கொலுசெல்லாம் ஏன் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்குது?" என்றார். படங்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை.

"குரோம்ல திறந்து பாருங்கண்ணா" என்றேன், பெரிய ஆள் மாதிரி. அதிலும் அதே கோலம்! ஐபோனில் இருக்கும் குரோம் பெயருக்குத்தான் குரோம், உள்ளே பக்கத்தை வரைந்து காட்டுவது ஆப்பிளின் சஃபாரி பிரவுசரில் இருக்கும் அதே வெப்கிட் என்ஜின், அது ஆப்பிளின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் தளர்த்தினார்கள், செவ்வாய்ப்பேட்டைக்கு அதனால் என்ன பயன். அப்புறம், லேப்டாப் குரோமிலேயே ஐபோன் அளவை வைத்துப் பார்த்துவிட்டு 'டெஸ்ட் பண்ணிட்டேன்' என்கிறோமே, அங்கே மாறுவது திரையின் அளவுதான், என்ஜின் இல்லை.

சரி, சிக்கல் எங்கே? படங்களை ஃப்ளெக்ஸில், அதாவது வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறையில் அடுக்கி, இடைவெளிக்கு கேப் என்ற வரியைப் போட்டிருந்தேன். ஃப்ளெக்ஸில் கேப் ஃபயர்பாக்ஸுக்கு 2018இல் வந்தது, குரோமுக்கு 2020, சஃபாரிக்கு 2021இல், 14.1 பதிப்பில்தான். அந்த போனோ ஐஓஎஸ் 12-ஓடு நின்றுவிட்டது, அதோடு சஃபாரியும். எரர் ஒன்றும் வராது, தெரியாத வரியை பிரவுசர் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

இதில் என்னைக் கிறுக்காக்கியது சப்போர்ட்ஸ் விதி, ஒரு வசதி தெரியுமா என்று பிரவுசரிடமே கேட்கும் சிஎஸ்எஸ் விதி. கேப் தெரியாத பிரவுசருக்கு மட்டும் மார்ஜின், அதாவது ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் தனியாக இடம் கொடுக்கலாம் என்று 'உனக்கு கேப் தெரியுமா' எனக் கேட்டேன், 'தெரியும்' என்றது. பொய்யும் இல்லை, அதற்கு கிரிட்டில், அதாவது கட்டம் கட்டமாக அடுக்கும் முறையில் கேப் தெரியும், ஃப்ளெக்ஸில்தான் தெரியாது, இந்த இரண்டையும் பிரித்துக் கேட்க சப்போர்ட்ஸில் வழியே இல்லை. இரண்டு மணி நேரம் போச்சு. ஆட்டோபிரிஃபிக்ஸர் என்ற கருவியைப் போட்டால் தீராதா என்பீர்கள், அது சிஎஸ்எஸ் பெயர்களுக்கு முன்னால் '-webkit-' மாதிரி பிரவுசர் முன்னொட்டுகளைச் சேர்த்துத் தரும், பிரவுசரில் இல்லாத வசதியை எங்கிருந்து கொண்டுவரும்?

கடைசியில் கொலுசுப் பக்கத்தை கிரிட்டுக்கு மாற்றினேன், பழைய போனிலும் இடைவெளி வந்துவிட்டது. மேலே மெனு மட்டும் ஃப்ளெக்ஸிலேயே இருக்கட்டும் என்று கேப்பை எடுத்துவிட்டு, முதல் பட்டனைத் தவிர மற்றவற்றுக்கு இடப்பக்க மார்ஜின் கொடுத்தேன். பழைய வைத்தியம்தான், ஆனால் எங்கேயும் கைவிடாது.

அண்ணன் ஒரு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இப்ப சரி தம்பி... ஆமா, கீழே வாட்ஸ்அப் பட்டன் பாதி மறையுதே?" அது 100 விஹெச், அதாவது 'திரையின் முழு உயரம்' என்ற அளவின் தகராறு, முகவரிப் பட்டையின் உயரத்தையும் சஃபாரி அதில் சேர்த்துக்கொள்கிறது. பட்டை வந்து போவதற்கேற்ப மாறும் டிவிஹெச் அளவைப் போடலாம் என்றால் அது சஃபாரி 15.4-இல்தான் வந்தது, இந்த போனுக்கு எட்டாது. அடுத்த வீடியோவில் பார்ப்போம், தூறல் ஆரம்பித்துவிட்டது, கேமராவை உள்ளே வைக்கிறேன்.