ஒரே விதை, இரண்டு வயல்

நண்பர்களே, தாயும் தந்தையும் நன்றாக விளையும் ரகங்களாக இருந்தால் பிள்ளையும் அப்படியே விளையும் என்று எளிதாக நம்பிவிடுகிறோம். கோதுமையில் அது பாதிதான் பலிக்கும். எத்தனை தூர், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் தண்டு, கட்டுகிறது, ஒரு கதிரில் எத்தனை மணி பிடிக்கிறது, மணி எவ்வளவு கனக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் விளைச்சல். இவை ஒன்றுபோல் பிள்ளைக்கு இறங்குவதில்லை. மணியின் எடை பெரும்பாலும் பெற்றோரை ஒட்டியே வரும். தூரின் எண்ணிக்கையோ நீர், உரம், விதைப்பின் நெருக்கம் எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். போதாக்குறைக்கு, ஒன்று கூடினால் மற்றொன்று குறையும். ஆகவே கலப்பின் இரண்டாம் தலைமுறையிலேயே, தனிச்செடியின் விளைச்சலை மட்டும் பார்த்துப் பொறுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கலப்பு செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கோதுமை தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பைகள் மூன்று. அவை பச்சையாக இருக்கும்போதே இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிருக்குக் காகித உறை மாட்டி, சில நாள் கழித்து மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற விதையின் சந்ததியை ஒரே வயலில் சோதித்தால், நாம் பொறுக்கி எடுத்தது மரபின் பலனையா, அந்த வயலின் வளத்தையா என்று எப்படித் தெரியும்?

மெக்சிகோவில் இதற்கு விடை கிடைத்தது, அதுவும் எதிர்பாராமல். 1940களின் நடுவில் அங்கே கோதுமை ரகங்களை உருவாக்கிய அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக் காலத்தை மிச்சப்படுத்த நினைத்தார். குளிர்காலத்தில் வடக்கே சோனோராவின் யாக்கி பள்ளத்தாக்கில் ஒரு போகம். அங்கே அறுத்த விதையைக் கோடையில் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொலூக்காவில் விதைத்து இன்னொரு போகம். முதலாவது கடல்மட்டத்தை ஒட்டிய பாசன நிலம். இரண்டாவது மழையும் மஞ்சள் துரு என்ற பயிர்நோயும் மிகுந்த மலைச் சமவெளி. எந்த மண்ணுக்கான ரகமோ அந்த மண்ணிலேயே பொறுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. மேலதிகாரியின் எதிர்ப்பை மீறித்தான் இந்த வேலை நடந்தது.

பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடிகள் இரண்டு இடத்திலும் தேறவில்லை. இரண்டிலும் தேறியவை பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாத செடிகள். அதற்குக் காரணமான முக்கிய மரபணு 2டி குரோமோசோமில் இருப்பது பின்னாளில் தெரியவந்தது. போர்லாக் அந்தக் குணத்தைத் தேடவில்லை. மாறிமாறி வந்த இரண்டு வயல்கள் அதைச் சலித்துக் கொடுத்தன. அந்தக் கோதுமைகள் இந்தியாவில் காலூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் முயற்சியில் 1963இல் போர்லாக் இங்கு வந்தார். மெக்சிகோ கலப்புகளிலிருந்து நம்மவர்கள் பொறுக்கியவைதான் கல்யாண் சோனா, சோனாலிகா என்ற ரகங்கள்.

ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்த குட்டை மரபணுக்களை எல்லா மண்ணுக்கும் பொதுவான வரம்போலப் பேசுவது தவறு. தழைச்சத்தும் பாசனமும் உள்ள இடத்தில் அவை பயிரைச் சாயாமல் நிறுத்தி, தாளுக்குப் போகும் சத்தை மணிக்குத் திருப்பின. அதே மரபணுக்கள் முளைக்குருத்தின் உறையையும் குட்டையாக்கும். மானாவாரி உழவர் ஈரத்தைத் தேடி ஆழமாக விதைத்தால், முளை மண்ணைப் பிளந்து வெளியே வரத் திணறும். அங்கே சி 306 போன்ற நெட்டை ரகம் மேலாக நிற்கும். மரபணு மாறவில்லை, வயல் மாறியதும் அதன் மதிப்பு மாறிவிட்டது.

நீலகிரியின் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் இருக்கிறது. வடநாட்டில் அறுவடை முடிந்ததும் கலப்பு விதைகள் அங்கே வந்து கோடையில் இன்னொரு தலைமுறை காண்கின்றன. துரு நோய் இயற்கையாகவே தாக்கும் மலை என்பதால் நோய் தாங்காதவை அங்கேயே கழிந்துவிடும். இந்த ஏற்பாட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கோரிக்கை. மானாவாரிக்கான ரகத்தைத் தண்ணீர் பாய்ச்சிய ஆராய்ச்சிப் பண்ணையில் பொறுக்காதீர்கள். மூன்றாம், நான்காம் தலைமுறையிலேயே அந்த விதைகளை மழையை நம்பிய வயலுக்கு அனுப்புங்கள்.