இமைக்குள் தெரியும் நிறம்

நேயர்களுக்கு வணக்கம். ஆடு வளர்ப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் பட்டியைத் திறந்துவிடும் முன் ஓர் ஆட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு கையின் கட்டைவிரலால் மேல் இமையை மூடி லேசாக அழுத்துங்கள், மறுகைக் கட்டைவிரலால் கீழ் இமையை இறக்குங்கள். இமையின் உள்சதை வெளியே பிதுங்கும். அது நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளிறிய ரோஜா நிறமென்றால் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருந்தால் அந்த ஆட்டின் ரத்தத்தை வேறு யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த யாரோவின் பெயர் ஹீமோன்கஸ். ஆட்டின் நாலாவது இரைப்பையில் குடியிருக்கும் உருண்டைப்புழு. பெண்புழுவை எடுத்துப் பார்த்தால் சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கியது போலிருக்கும். சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதைச் சுற்றிக் கிடக்கும் கருப்பை. ஒரு புழு ஒரு நாளைக்கு உறிஞ்சும் ரத்தம் 0.05 மில்லிலிட்டர்தான், ஒரு சொட்டு அளவு. ஆனால் ஒரே ஆட்டின் இரைப்பையில் 5,000 புழு இருப்பது அதிசயமில்லை. கணக்குப் போட்டால் நாளுக்குக் கால் லிட்டர். 30 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே 2 லிட்டர் ரத்தம்தான் ஓடுகிறது.

இந்தப் புழுவால் பெரும்பாலும் கழிச்சல் வராது. அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். புழுக்கை நன்றாக உருண்டையாக விழுகிறதே, பூச்சி எங்கே இருக்கப்போகிறது என்று விட்டுவிடுவார்கள். ஆடு மந்தைக்குப் பின்னால் பின்னால் வரும். சாயங்காலம் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துக்கொள்ளும், மறுநாள் காலையில் வற்றியிருக்கும். பிறகு ஒருநாள் விரட்டிக்கொண்டு போகும்போது மூச்சிரைத்து விழுந்துவிடும்.

பெண்புழு ஒவ்வொன்றும் நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். முட்டை புழுக்கையோடு தரையில் விழுகிறது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்தில், தொற்றக்கூடிய குஞ்சுப்புழுவாகிவிடும். அதற்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. புல்லின் மேலுள்ள பனித்துளியிலும் மழை ஈரத்திலும் நெளிந்து ஏறும். அதிக உயரம் ஏற முடியாது, பெரும்பாலானவை அடியிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்ளேயே நிற்கும். ஆடு தரையோடு தரையாகக் கடிக்கும் அளவுக்குப் புல் குட்டையாகிவிட்டால், அது மேய்வது பாதி புல், பாதி புழு. வயிற்றுக்குள் போனபின் மூன்று வாரத்தில் அதுவும் முட்டை போடத் தொடங்கும். நான்கு விரல் உயரத்துக்குக் கீழே மேய விடாதீர்கள், பனி உலர்ந்த பிறகு ஓட்டுங்கள் என்று பெரியவர்கள் சொன்னால், அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான். வெள்ளாடு இயல்பில் செடிகொடியை எட்டிக் கடிக்கும் பிராணி. தரைப்புழுவோடு அதற்கு அதிகப் பழக்கமில்லை. அதைப் புல்வெளியில் அடைத்து மேயவிட்டால் செம்மறியைவிட அதுதான் முதலில் சாயும்.

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவம் படித்து முடித்த புதிதில், ஒரு மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் பூச்சி மருந்து ஊற்றி, அன்றைக்கே பல மாதம் மேயாமல் விட்டிருந்த புது இடத்துக்கு ஓட்டச் சொன்னேன். அப்போது அதுதான் நல்ல முறை என்று எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. முதல் தடவை அற்புதமாக வேலை செய்தது. அதையே திரும்பத் திரும்பச் செய்தோம். நாலாவது வருடம் மருந்து ஊற்றிய பத்தாம் நாளே ஆடு செத்தது.

என்ன நடந்தது? மருந்து கொடுத்ததும் சாதாரணப் புழுவெல்லாம் செத்துவிடும். மருந்தைத் தாங்குகிற இரண்டு மூன்று மட்டும் தப்பிக்கும். புது இடத்தில் வேறு புழு இல்லாததால் அங்கே விழுகிற முட்டையெல்லாம் அந்த இரண்டு மூன்றின் வாரிசுதான். நான் சுத்தமாக வைத்திருந்ததாக நினைத்த நிலத்தில், மருந்துக்கு அடங்காத புழுவைத் தேர்ந்தெடுத்து விதைத்திருக்கிறேன். இதில் நான் தனியாள் இல்லை. தயாபெண்டசோல் என்ற மருந்து 1961இல் வந்தது, 1964இலேயே அதற்கு மசியாத ஹீமோன்கஸ் பற்றிய செய்தி வந்துவிட்டது. ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தைக் கண்டுபிடித்த வேலைக்காக வில்லியம் கேம்பெல்லுக்கும் சதோஷி ஓமுராவுக்கும் 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு கொடுக்கும்போதே உலகத்தில் எத்தனையோ மந்தைகளில் அந்த மருந்து தண்ணீர் மாதிரிதான் வேலை செய்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் இந்த இமை பார்க்கும் முறை எனக்குத் தெரியவந்தது. தென்னாப்பிரிக்காவில் 1990களில் உருவானது, ஃபஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரையொட்டி ஃபமாச்சா என்கிறார்கள். ஓர் அட்டையில் ஐந்து நிறம். ஒன்று நல்ல சிவப்பு, ஐந்து வெள்ளை. நாலு, ஐந்து என்றால் மருந்து. மூன்று என்றால் குட்டிக்கும் சினையாட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் ஊற்றுங்கள், மற்றதை அடுத்த தடவை பாருங்கள். ஒன்று, இரண்டு என்றால் தொடவே வேண்டாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு மந்தையில் இருக்கும் புழுவில் பெரும்பங்கு, நூற்றுக்கு இருபது முப்பது ஆட்டுக்குள்தான் இருக்கும். அந்த ஆட்டை மட்டும் கவனித்தால் மந்தையைக் கவனித்த மாதிரி. மருந்து படாத ஆடுகளின் புழு மேய்ச்சல் நிலத்தில் கலந்துகொண்டே இருக்கும், அடங்காத புழு தனி ராஜ்ஜியம் நடத்த முடியாது.

கொடுக்கிற மருந்தைக் குறைத்துக் கொடுக்காதீர்கள். கண்ணால் எடைபோட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் மதிப்பிடுவோம். அரை மருந்து என்பது புழுவுக்கு நாமே கொடுக்கிற பயிற்சி. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும், அதனால் செம்மறிக்கு எழுதியிருக்கும் அளவு அதற்குப் பல மருந்துகளில் போதாது. எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். மருந்து வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஊற்றும் அன்று புழுக்கையைச் சோதனைக்குக் கொடுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். முட்டை எண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் சந்தேகத்துக்குரியது.

இமை எல்லாவற்றையும் சொல்லாது. ஈரலில் குடியேறும் தட்டைப்புழுவும் இமையை வெளுக்க வைக்கும், அது நத்தை வழியாகச் சேற்றுநிலத்திலிருந்து வருவது, அதற்கு மருந்தே வேறு. குட்டி ரத்தமும் சளியுமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் புழு இல்லை, காக்சிடியா என்ற ஒற்றைச்செல் உயிரியாக இருக்கும். பூச்சி மருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஈரமான, நெருக்கடியான கொட்டகைதான் அதன் வீடு. நாய் வளர்க்கிறவர்கள் நாய்க்கும் புழுநீக்கம் செய்யுங்கள், அறுத்த ஆட்டின் தலையையும் குடலையும் பச்சையாகப் போடாதீர்கள். நாயின் நாடாப்புழு முட்டை ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாகி, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும்.

துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி என்ற வைரஸ் நோய்க்கும் இமையைப் பார்த்துக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுவிடும். துள்ளுமாரியில் நேற்றுவரை கொழுகொழுவென்று இருந்த குட்டிதான் துள்ளி விழுந்து சாகும், தீனி திடீரென்று அதிகமானதும் குடலிலிருக்கும் கிருமி விஷத்தைக் கக்குவதால் வருவது. சினையாட்டுக்குக் குட்டி போட ஒரு மாதம் முன்பு தடுப்பூசி போட்டால் சீம்பால் வழியாகவே குட்டிக்குக் காப்பு போகும். ஆட்டுக்கொல்லிக்கு ஒரு ஊசி மூன்று வருடமாவது தாங்கும். இவை இரண்டிலும் வந்தபின் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். மருந்து ஊற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆட்டின் பெயருக்கோ எண்ணுக்கோ நேரே ஒரு கோடு போடுங்கள். ஒரு மழைக்காலத்தில் சிலதுக்கு மூன்று கோடு விழும், சிலதுக்கு ஒன்றுகூட விழாது. புழுவைத் தாங்கும் குணம் குட்டிக்கும் வரும். அடுத்த முறை பொலிகிடா தேர்ந்தெடுக்கும்போது உயரத்தையும் கொம்பையும் பார்ப்பதற்கு முன் அதன் தாய்க்கு நேரே எத்தனை கோடு என்று பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.